கச்சான் அடிக்கும்போதுதான் கணக்குத் தெரியும்: மின்சிக்கன வீடுகள் திருகோணமலையில்

மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் என்று சொல்லிக் கட்டிய வீடு, சொன்ன மிச்சத்தை உண்மையில் தருகிறதா? அதைப் பார்க்கும்போது வீட்டுக்காரர் முதலில் விடும் பிழை, பில்லின் ரூபாவை ஒப்பிடுவது. 2022 ஓகஸ்டுக்குப் பிறகு கட்டணம் பலமுறை ஏறி இறங்கிவிட்டது. யூனிற்றைத்தான் எழுதிவைக்க வேண்டும். அதுவும் யூனை யூனோடு, டிசெம்பரை டிசெம்பரோடு. கச்சான் என்ற மேற்குச் சுடுகாற்று அடிக்கும் மாதத்துக்குப் பக்கத்தில், குளிர்ந்த வாடைக்காற்று மாதத்தை வைத்தால் எந்த வீடும் நல்ல வீடுதான்.

சொன்ன மிச்சத்தை அப்படியே தருவது மின்விசிறி. 75 வாற் விசிறியைக் கழற்றி 30 வாற் பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டர்) விசிறி போட்டால், நாளுக்கு 12 மணித்தியால ஓட்டத்தில் மாதம் 27 யூனிற் போன இடத்தில் 11 போகும்.

கூரைச் சூட்டைத் தடுக்க அதன் கீழே அடிக்கும் அலுமினியத் தாளில் பலர் ஏமாறுகிறார்கள். மினுங்கும் பக்கம் கீழே பார்க்க வேண்டும். அதற்கும் சீலிங்குக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது வெற்றிடம் வேண்டும். சீலிங்கோடு ஒட்டினால் பலனில்லை. மேலே பார்க்க விரித்தால் தூசி படிந்து மினுக்கம் போய்விடும். வெள்ளைக் கூரைப் பெயின்ற்றும் மாரியில் பாசி பிடிக்கும். கச்சானுக்கு முன் கழுவாவிட்டால் பூசிய காசு வீண்.

வீட்டு வரைபடம் அதிகம் பொய்த்துப்போவது காற்றில்தான். கடற்காற்றை நம்பிக் கிழக்கே பெரிய யன்னல் வைக்கிறார்கள். கச்சானோ மேற்கிலிருந்து அனலாக வரும். பகலில் திறந்தால் சுவரெல்லாம் சூடேறும். இரவில் திறந்து ஆறவிடலாம் என்பது கணக்கு. நுளம்புக்கும் கள்ளனுக்கும் பயந்து யன்னல் மூடியே கிடக்கும். ‘வடக்கில் வெயில் இல்லை’ என்பதும் இங்கே சரிவராது. யூனில் நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே 15 பாகை சாய்ந்து நிற்கும். வடக்கு யன்னலுக்கும் தாழ்வாரம் வேண்டும்.

ஏசியைப் பொறுத்தவரை, கணக்கு 26 பாகைக்குப் போட்டது, ரிமோட் 20இல் நிற்கிறது. அதைவிடக் கள்ளத்தனமான ஓட்டை, கதவுக்கு மேலுள்ள காற்றுத் துளைகள்; வெளி ஈரக்காற்று அவற்றால் உள்ளே வரும். இன்வேர்ட்டர் ஏசி வாங்கியும் யூனிற் குறையாவிட்டால், ஏசியிலிருந்து தண்ணீர் வடியும் குழாய்க்குக் கீழே வாளி வையுங்கள். ஒரு லீற்றர் ஈரத்தை இறக்க ஏறத்தாழ 0.2 யூனிற் செலவாகும். இரவில் 10 லீற்றர் நிறைந்தால் 2 யூனிற் ஈரத்துக்கே போகிறது. துளைகளுக்கு அக்ரிலிக் தகடு, கதவடிக்கு றப்பர்ப் பட்டி. அடைத்தபின் அதே மாதிரிப் புழுக்கமான இரவொன்றில் மறுபடி வாளியை வைத்துப் பாருங்கள். குறையவில்லையென்றால் சீலிங் விளிம்பிலும் குழாய் போகும் சுவர்த் துளையிலும் தேடவேண்டும்.