தமிழ் ஸ்லைடு செய்ய எது நல்லது? பவர்பாயிண்ட், கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா

சிங்கப்பூரின் தமிழ்மொழி மாத நிகழ்ச்சிகளிலும் ஆசிரியர் பயிலரங்குகளிலும் மாணவர் படைப்புகளிலும் திரும்பத் திரும்பக் காண்கிற குறைகள் மூன்று. பின்வரிசைக்கு எழுத்து தெரியாது. மேல்வரியின் கீழ்க்கொக்கியும் கீழ்வரியின் மேல்விசிறியும் முட்டிக்கொள்ளும். வீட்டுக் கணினியில் லட்சணமாக இருந்த எழுத்து அரங்கக் கணினியில் வேறு முகத்தோடு வந்து நிற்கும். செய்தவரின் ரசனையைக் குறை சொல்ல இதில் அதிகம் இல்லை. மென்பொருள்கள் ஆங்கில எழுத்தின் உயரத்துக்கும் அகலத்துக்கும் அளவெடுத்து வைத்த முன்னமைப்புகளே பெரும்பாலும் காரணம். அதனால் இந்த மூன்று மென்பொருள்களையும் ஒரே கேள்வியோடு பார்த்திருக்கிறோம்: அந்த முன்னமைப்புகளைத் தமிழுக்கு ஏற்ப மாற்ற முடியுமா, மாற்றியது நிலைக்குமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கணினியில் நிறுவும் பவர்பாயிண்ட் முதலிடம். மாணவர்கள் குழுவாகச் செய்ய கூகுள் ஸ்லைட்ஸ். கேன்வா, அட்டைப் பக்கத்துக்கும் அழைப்பிதழுக்கும் மட்டும்.

பவர்பாயிண்ட் முதலில் ஏமாற்றத்தான் செய்யும். வெற்றுக் கோப்பைத் திறந்து தமிழில் தட்டிப் பாருங்கள். 2013 முதல் வரும் அதன் வழக்கமான தீமில் உள்ளடக்கப் பெட்டியின் வரி இடைவெளி 0.9. ஆங்கிலத்துக்கு அது கச்சிதம். தமிழில் ‘கு’, ‘து’, ‘ரு’ கீழே இறங்கும். ‘கி’, ‘கீ’, ‘வீ’ மேலே எழும்பும். 0.9 இடைவெளியில் இரண்டும் உரசும். 1.1க்கும் 1.2க்கும் இடையில் வைத்தால் வரிகள் மூச்சுவிடும். தலைப்பு இரண்டு வரி போனால் அதற்கும் இதே கணக்குதான்.

அடுத்த தொல்லை, எழுத்தைத் தானாகச் சுருக்கும் வசதி. பெட்டி நிரம்பியதும் எழுத்தைச் சிறிதாக்குவதோடு வரி இடைவெளியையும் 20 விழுக்காடு வரை குறைத்துவிடும். நாம் 28 புள்ளி அளவில் தொடங்கிய எழுத்து ஒரு ஸ்லைடில் 24, அடுத்ததில் 19 என்று இறங்கிக்கொண்டே போவதற்கு இதுவே காரணம். ‘ஃபார்மட் ஷேப்’ பலகத்தில் எழுத்துப்பெட்டிப் பகுதிக்குப் போய் ‘டு நாட் ஆட்டோஃபிட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி வழிந்தால், அந்த ஸ்லைடில் சொல்ல வந்தது அதிகம் என்று அர்த்தம், இரண்டாகப் பிரியுங்கள்.

பவர்பாயிண்டுக்கு முதலிடம் கொடுப்பது இந்தத் திருத்தங்களை எல்லாம் ஒரே இடத்தில் ஒரே முறை செய்ய முடிவதால்தான். ‘வியூ’ பட்டியில் ‘ஸ்லைடு மாஸ்டர்’ திறந்து, இடப்பக்க வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பெரிய ஸ்லைடைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள சிறியவற்றில் ஒன்றை மாற்றினால் அந்த ஒரு அமைப்புக்கு மட்டுமே பொருந்தும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். தலைப்புப் பெட்டியையும் உள்ளடக்கப் பெட்டியையும் நேரடியாகத் தேர்ந்தெடுத்து எழுத்துரு, அளவு, வரி இடைவெளி மூன்றையும் மாற்றுங்கள். பிறகு டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். பள்ளியின் தமிழ்த்துறை முழுவதும் அந்த ஒரு கோப்பிலிருந்தே தொடங்கலாம்.

எழுத்துரு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பவர்பாயிண்டின் வழக்கமான தீம் கோப்புக்குள் தமிழுக்கு என்று ‘லதா’ எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தனியாகச் சேர்க்கவேண்டிய தமிழ் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. விண்டோஸ் 8 முதல் எல்லாக் கணினியிலும் தமிழுக்கு இருப்பது ‘நிர்மலா யுஐ’. பழைய கணினியில் லதாவில் செய்த ஸ்லைடு புதிய கணினியில் மாறித் தெரிவதற்குக் காரணம் இதுதான். மேக்கிலும் ஐபேடிலும் ‘தமிழ் சங்கம் எம்என்’ இருக்கும், அது மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தது. குரோம்புக்கில் ‘நோட்டோ’. உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாதனம் இருக்கிறது, பள்ளிக்குப் பள்ளி சாதனமும் வேறு. ஆகவே கோப்பு பயணிக்கும்போது எழுத்துரு மாறும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பவர்பாயிண்ட் தரும் மருந்து, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்புவது. விண்டோஸில் ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து ‘சேவ்’ பகுதியின் அடியில் ‘எம்பெட் ஃபாண்ட்ஸ்’ பெட்டியைச் சொடுக்கி, எல்லா எழுத்துகளையும் சேர்க்கும் தேர்வை எடுங்கள். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் சேர்த்தால் கோப்பு சிறிதாகும், ஆனால் அரங்கில் கடைசி நேரத்தில் ஒரு பெயரைத் திருத்தப் போனால் சிக்கல். கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து எழுத்துரு இறக்கினால், அந்தத் தொகுப்புக்குள் ‘ஸ்டேட்டிக்’ என்ற கோப்புறை இருக்கும்போது அதில் உள்ள கோப்புகளையே நிறுவுங்கள். வெளியே கிடக்கும் ‘வேரியபிள்’ கோப்பு, அதாவது பல தடிமன்களும் ஒன்றாக அடங்கிய கோப்பு, பவர்பாயிண்டோடு ஒத்துப்போவதில்லை.

தடித்த எழுத்து வேண்டுமானால், உண்மையிலேயே தடித்த வடிவம் உள்ள எழுத்துருவாக எடுக்கவேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, காட்டமரான் நான்கிலும் உண்டு. மீரா இனிமை, பவனம், கவிவனார் மூன்றிலும் சாதாரண வடிவம் மட்டுமே. அவற்றில் ‘பி’ பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானாக மையைப் பூசும். ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும். அடிக்கோடும் தமிழுக்கு ஆகாது, ‘கு’வின் காலை வெட்டும். சாய்வெழுத்தையும் தவிருங்கள். அழுத்தம் தர நிறம் போதும்.

கூகுள் ஸ்லைட்ஸில் எழுத்துருத் தலைவலி பாதி குறைகிறது. எழுத்துரு இணையத்திலிருந்தே வருவதால் யார் திறந்தாலும் ஒரே முகம். எழுத்துருப் பட்டியலில் ‘மோர் ஃபாண்ட்ஸ்’ போய் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்பதைத் தமிழாக்கினால் தமிழ் எழுத்துருக்கள் மட்டும் வரிசையாக வரும். நான்கு பேர் ஒரே நேரத்தில் தட்டலாம். மாணவரின் பள்ளிக் கணக்கிலேயே இது கிடைப்பதால் செலவும் இல்லை.

ஆனால் அளவில் ஒரு பொறி உண்டு. கூகுள் ஸ்லைடின் அகலம் 10 அங்குலம், பவர்பாயிண்டுடையது 13.33 அங்குலம். அதனால் கூகுளில் 24 புள்ளி எழுத்து திரையில் பவர்பாயிண்டின் 32 புள்ளிக்குச் சமம். ‘உள்ளடக்கம் 28 புள்ளி’ என்று ஆசிரியர் பவர்பாயிண்ட் கணக்கில் சொன்னதை மாணவர் கூகுளில் அப்படியே போட்டால், பெட்டிக்குள் பாதிதான் அடங்கும். தொடங்குவதற்கு முன்பே ‘பேஜ் செட்டப்’ போய் 13.333க்கு 7.5 அங்குலம் என்று வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு.

கேன்வாவின் டெம்ப்ளேட்டுகள் கண்ணைப் பறிக்கும். அவை ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காக, மெல்லிய கோட்டிலும் அகன்ற எழுத்து இடைவெளியிலும் செய்தவை. அதே பெட்டியில் தமிழை ஒட்டினால் ஒரே சொல் துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும், இடைவெளியைப் பூஜ்யமாக்கவேண்டும். தமிழ் இல்லாத எழுத்துருவாக இருந்தால் சொல்லாமல் வேறொன்றைப் போட்டுவிடும், மேலே பெயர் மட்டும் பழையதாகவே இருக்கும். பவர்பாயிண்ட் கோப்பாக இறக்கினால் அமைப்பு கலையக்கூடும். பிடிஎஃப் ஆக இறக்குவதே பாதுகாப்பு. இருபது ஸ்லைடுக்கு இந்தத் திருத்தங்களைத் தனித்தனியாகச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

மூன்றில் எதை எடுத்தாலும் தமிழ்ச் சொல்லின் நீளம் மாறப்போவதில்லை. ‘நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளன’ ஒரே சொல். மென்பொருள் வரியை மடக்குவது சொல்லுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில்தான். மூன்று நெடுவரிசை அமைப்பில் அதை வைத்தால் வரியின் வலப்பக்கம் ஓட்டை விழும். ஒரு நெடுவரிசை, மிஞ்சினால் இரண்டு. பவர்பாயிண்டில் 40 புள்ளித் தலைப்பு ஒரு வரியில் அடங்க, சுமார் 25 எழுத்துக்குள் இருக்கவேண்டும்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் தலைப்பு ஒன்றைப் பார்ப்போம். ‘சிங்கப்பூரின் நீர்வள மேலாண்மைத் திட்டங்கள்’ என்று போட்டு, கீழே ஆறேழு முழு வாக்கியங்கள். தலைப்பு இரண்டு வரி ஓடுகிறது, ஆனாலும் செய்தி எதுவும் சொல்லவில்லை. ‘நான்கு வழிகளில் நம் நீர்’ என்று மாற்றுங்கள். கீழே நான்கே வரி: மழைநீர்த் தேக்கங்கள், ஜொகூர் நீர், நியூவாட்டர் (சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீர்), கடல்நீர்ச் சுத்திகரிப்பு. மீதி விளக்கத்தைப் பேசுபவரின் குறிப்புப் பகுதிக்கு நகர்த்துங்கள். எழுத்து 32 புள்ளிக்கு ஏறும், பக்கத்தில் ஒரு படத்துக்கும் இடம் கிடைக்கும். இதையே வரைபடமாகப் போட்டால் நிமிர்ந்த தூண்களின் அடியில் தமிழ்ப் பெயர்கள் இடம் போதாமல் சாய்ந்துகொள்ளும். கிடைமட்டப் பட்டைகளாக மாற்றினால் பெயர்கள் நேராகப் படிக்கக் கிடைக்கும்.

அரங்குக்குப் போகுமுன் ஒரு சோதனை. இரண்டு மீட்டர் அகலத் திரையும் 12 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையும் உள்ள அறை என்றால், தூரம் திரை அகலத்தைப்போல் ஆறு மடங்கு. 14 அங்குல மடிக்கணினியின் திரை அகலம் சுமார் 31 செண்டிமீட்டர். ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு ஏறக்குறைய இரண்டு மீட்டர் பின்னால் நின்று படியுங்கள். அங்கிருந்து ‘ன’வும் ‘ண’வும் பிரித்துத் தெரியவில்லை என்றால் கடைசி வரிசைக்கும் தெரியாது. வெள்ளைமேல் வெளிர்சாம்பல், மஞ்சள்மேல் வெள்ளை இரண்டும் விளக்கு எரியும் அறையில் மறைந்தே போகும். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்பது இணைய அணுக்கத் தரம். இணையத்தில் இலவசமாகவே சரிபார்க்கலாம்.

பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிய ஸ்லைடை மேற்சொன்ன எதில் திறந்தாலும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். எழுத்துருவை மட்டும் மாற்றினால் சரியாகாது. உரையை நகலெடுத்து யூனிகோடு மாற்றியில் போட்டு, திரும்ப ஒட்டவேண்டும். ஆங்கிலச் சொல் கலந்த வரிகளை முதலில் தனியே எடுத்துவையுங்கள்; மாற்றி அவற்றையும் தமிழாக எண்ணிச் சிதைத்துவிடும்.