செக் இன்ஜின் விளக்கு: ஒர்க்‌ஷாப் ஸ்கேனா, சொந்த ஸ்கேனரா?

என்னுடையது 2013 கடைசியில் வாங்கிய பெட்ரோல் செடான். போன வருடம் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட்டார்கள், பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினேன். ஒன்பதாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. அன்றைக்கே ஒரு புளூடூத் ஸ்கேனருக்கு ஆர்டர் போட்டேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஈஎல்எம்327 வகை அடாப்டர் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால் சரி. ஐபோன் என்றால் வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத்) வகையாகப் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் ஓபிடி 2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து இந்த சாக்கெட் வழியாகச் சொல்லும் முறை, கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டியில் சாக்கெட் இருந்தாலும் எல்லாத் தகவலும் வரும் என்று நம்ப முடியாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது லைவ் டேட்டா, அதாவது இன்ஜின் ஓடும்போதே சென்சார்கள் தரும் அளவுகள்தான். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. ஒர்க்‌ஷாப் ஸ்கேனரும் லைவ் டேட்டா காட்டும், என்னுடையதைவிட நன்றாகவே காட்டும். ஆனால் வெளியே ஆறு வண்டி காத்திருக்கும்போது யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நான் பார்த்தேன். ஐடிலிங்கில் ஃப்யூயல் டிரிம், அதாவது கலவையைச் சரிக்கட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு, +22 சதவீதம். ஆக்ஸிலரேட்டரை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் 5க்கு இறங்கியது. பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ காரணமாக இருந்தால் லோடு ஏற ஏற மோசமாகியிருக்கும். இங்கே நேர் எதிர். அப்படியானால் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. இன்ஜின் ஆறியதும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினேன். ஒரு ரப்பர் ஓஸ் வளைவில் காய்ந்து வெடித்திருந்தது. புது ஓஸ் 140 ரூபாய்.

ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. டீசல் வண்டி நான் வைத்திருந்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்கு எரிந்தால் ஒர்க்‌ஷாப்தான். மலிவு ஸ்கேனர் பெரும்பாலும் அவற்றைப் படிப்பதில்லை. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும். ஆயில், டெம்பரேச்சர் சிவப்பு விளக்குகளுக்கு ஸ்கேனரே தேடாதீர்கள், ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள்.

இன்னொன்று, ஆப்பில் இருக்கும் 'கிளியர்' பட்டனை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். கோடு பதிவானபோது வேகம், சூடு, லோடு எவ்வளவு இருந்தது என்ற ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழிந்துவிடும். நான் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்கிறேன். ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் அதைக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.