சிரிப்பொலிக்குள் ஒரு வெடியோசை: லிங்கன் படுகொலையைப் பாடும் கூட்டு இசைத்தொகுப்பு

1865 ஏப்ரல் 14, புனித வெள்ளி இரவு. வாஷிங்டனின் ஃபோர்டு நாடக அரங்கில் நகைச்சுவை நாடகம் ஒன்று மூன்றாம் அங்கத்தை எட்டியிருந்தது. ஹாரி ஹாக் என்ற நடிகர் மேடையில் தனியாக நின்று ஒரு வசனத்தைப் பேச வேண்டிய கட்டம் அது. அந்த வசனத்துக்கு அரங்கமே அதிரச் சிரிக்கும் என்பது நாடகத்தை அறிந்த எல்லோருக்கும் தெரியும். அதே மேடையில் பலமுறை நடித்திருந்த ஜான் வில்க்ஸ் பூத்துக்கும் தெரியும். சிரிப்பு எழும் நொடிக்காகக் காத்திருந்து, ஒரேயொரு குண்டு மட்டுமே கொள்ளும் டெரிஞ்சர் கைத்துப்பாக்கியால், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் தலைக்குப் பின்னாலிருந்து அவன் சுட்டான்.

இந்த நிகழ்வை மையமாகக் கொண்டு ஒன்பது இசைக்கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கும் பதின்மூன்று பாடல்கள் கொண்ட தொகுப்பைக் கடந்த மூன்று வாரங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன். இரண்டு வினைல் தட்டுகள், நான்கு பக்கங்கள். ஒவ்வொரு பாடலும் அன்றிரவோடு தொடர்புடைய ஒருவரின் வாய்மொழியாக அமைந்திருக்கிறது. பொதுவாகப் பலர் சேர்ந்து செய்யும் தொகுப்புகளில் ஆளுக்கொரு பாட்டைப் பாடி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கேட்பவருக்கு வானொலி அலைவரிசையை மாற்றிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். இங்கே அப்படி நேரவில்லை. ஒருவர் பாடும் பாட்டில் மற்றொருவர் பின்னணியில் நுழைந்து மறுத்துப் பேசுகிறார். மூன்றாம் பாட்டில் சாட்சியாக வந்தவர் பத்தாம் பாட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்.

முதல் பக்கத்தின் இறுதியில் வரும் ஐந்தாம் பாடல் முழுவதும் அந்தச் சிரிப்புதான். பாட்டு என்று அதைச் சொல்லலாமா என்பதே கேள்வி. இரண்டு பிடில்களும் ஓர் ஆர்மோனியமும் நாடக இடைவேளைக்குரிய மெட்டொன்றை இழுத்துக்கொண்டிருக்க, முதலில் ஒருவர் கனைப்பது போலச் சிரிக்கிறார், பிறகு நால்வர், பிறகு கூட்டம் முழுவதும் அலையலையாகச் சிரிக்கிறது. குண்டு வெடிக்கும் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது வரவேயில்லை என்று நினைத்தபோது பாட்டு முடிந்து, ஊசி தட்டின் உள்வரியில் சுற்றத் தொடங்கியது. மீண்டும் போட்டுக் கேட்டபோதுதான், யாரோ ஒரு பெட்டியைக் கீழே வைத்தது போன்ற மந்தமான தட்டல் ஒன்று சிரிப்புக்கு அடியில் கிடந்தது தெரிந்தது. அன்று அரங்கில் இருந்தவர்களில் பலரும் அந்த ஓசையை நாடகத்தின் பகுதி என்றே எண்ணினார்கள் என்பது வரலாறு. அதை நூலில் படித்து அறிவது ஒன்று. நானே அந்த ஏமாந்த பார்வையாளர்களில் ஒருவனாகிப்போனது வேறு. அதன் பிறகு எழுந்து சென்று தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அந்த அரை நிமிட மௌனத்தையும் இசையமைப்பின் பகுதியாகவே கணக்கிட்டிருக்கிறார்கள் என்று நம்புகிறேன், ஏனெனில் இணையவழிக் கேட்பில் ஐந்தாம் பாடலும் ஆறாம் பாடலும் ஒட்டிக்கொண்டு ஓடி, இந்த விளைவு முற்றிலும் கெட்டுவிடுகிறது.

ஆறாம் பாடல் சார்லஸ் லீல் என்ற மருத்துவரின் குரலில் வருகிறது. அவருக்கு அப்போது வயது 23. மருத்துவப் பட்டம் பெற்று ஆறே வாரங்கள் ஆகியிருந்தன. பார்வையாளராக வந்திருந்த அவரே லிங்கனை முதலில் அடைந்த மருத்துவர். கத்திக்குத்து என்று எண்ணி உடலைத் தடவித் தேடியவர், இடது காதுக்குப் பின்னால் இருந்த துளையை விரலால் கண்டுபிடித்து, உறைந்திருந்த இரத்தத்தை அகற்றியதும் மூச்சு திரும்பியது. எதிர்த் தெருவில் இருந்த பீட்டர்சன் இல்லத்துக்குத் தூக்கிச் சென்று, ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள அந்த மனிதரைக் கட்டிலில் குறுக்காகக் கிடத்தினார்கள். இரவு முழுவதும் இரத்தம் உறைவதும், அதை அகற்றியதும் மூச்சு சீராவதுமாகக் கழிந்தது. இசையமைப்பாளர் இதையே தாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். மெல்லிய தூரிகை டிரம் ஒன்று மூச்சின் கதியில் ஓடுகிறது, சிக்குகிறது, அடுத்த அடி விழுமா என்று நாம் காத்திருக்கும்போது மறுபடி தொடங்குகிறது. பாடுபவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. பார்வை போய்விட்ட நிலையிலும் அருகில் ஒரு நண்பர் இருப்பதை லிங்கன் உணரட்டும் என்று கையைப் பற்றிக்கொண்டிருந்ததாக லீல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பாட்டின் கடைசி இரண்டு நிமிடங்களில் அந்தக் கைப்பிடியைத் தவிர வேறு பேச்சே இல்லை. காலை 7:22 மணிக்கு டிரம் நிற்கிறது. தொகுப்பின் ஆகச் சிறந்த பாடல் இதுவே.

அதைத் தொடர்ந்து வரும் சிறிய துணுக்கில், போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டன் படுக்கையருகே சொன்ன வாக்கியத்தை இருவர் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். இனி இவர் யுகங்களுக்கு உரியவர் என்று ஒருவர் பாட, வானதூதர்களுக்கு உரியவர் என்று மற்றவர் பாடுகிறார். அவர் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதில் உள்ள பழைய கருத்து வேறுபாட்டை விளக்கவுரை எதுவுமின்றி நாற்பது நொடிகளில் காதுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சிறிய மனிதர்களிடம் செல்லும்போதெல்லாம் இந்தத் தொகுப்பு உயிர்பெறுகிறது. அரங்கின் பின்வாசலில் பூத்தின் குதிரையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவன் ஒரு வேலைக்காரப் பையன். ‘பீநட்’ என்று எல்லோரும் கூப்பிடும் ஜோசப் பரோஸ். குதிரையை எதற்காகப் பிடித்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. பாஞ்சோவோடு இரண்டே நிமிடங்கள் ஓடும் அவனுடைய பாட்டு, விளையாட்டுப் பாட்டாகத் தொடங்கி, ஓடிவந்த பூத் கத்தியின் பிடியால் அவனை அடித்து உதைத்துவிட்டுக் குதிரையேறுவதோடு அறுபடுகிறது. பிடித்து நின்றதற்கு அதுதான் கூலி. வேறு நாடக அரங்கில் அலாவுதீன் கதையைப் பார்த்துக்கொண்டிருந்த லிங்கனின் இளைய மகன் டாடுக்கும் ஒரு பாட்டு உண்டு; அது கொஞ்சம் தித்திப்பு மிகுந்ததாகப் போய்விட்டது.

என் மனக்குறை பூத்தின் பாடல்களைப் பற்றியது. தமிழில் எழுதும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு: கொலையாளியை ‘அவன்’ என்பதா, ‘அவர்’ என்பதா என்று முதல் வாக்கியத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். நான் ‘அவன்’ என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தொகுப்பு அந்த முடிவை எடுக்காமல் நழுவுகிறது. மூன்றாம் பாடலில் பூத்துக்குக் கொடுத்திருக்கும் மெட்டு தொகுப்பிலேயே மிக அழகானது. வயலின்கள் எழும்பி எழும்பி அவனை உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற தென்மாநிலங்களின் துயரநாயகனாக்கிவிடுகின்றன. நடந்தது என்ன? லிங்கனைக் கடத்தத்தான் அவன் முதலில் திட்டமிட்டிருந்தான். ஏப்ரல் 11ஆம் நாள் வெள்ளை மாளிகைச் சன்னலில் நின்று லிங்கன் ஆற்றிய உரையில், படித்த கறுப்பினத்தவர்க்கும் போரில் படைவீரர்களாகப் பணியாற்றியவர்களுக்கும் வாக்குரிமை கிடைப்பதைத் தாம் விரும்புவதாகச் சொன்னார். கூட்டத்தில் நின்றிருந்த பூத், இதுவே அவர் ஆற்றும் கடைசி உரை என்று உடன் வந்தவனிடம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. மூன்று நாள்களில் அதை மெய்யாக்கினான். இந்த உரையைப் பற்றி மூன்றாம் பாடலில் ஒரு வரியும் இல்லை. காரணத்தை எடுத்துவிட்டுக் கண்ணீரை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குறையை எலிசபெத் கெக்லியின் பாடல் ஈடுசெய்திருக்கலாம். அடிமையாகப் பிறந்து, தையல் வேலையில் ஈட்டிய மதிப்பினால் கடன் பெற்றுத் தம்மையும் மகனையும் விலைகொடுத்து மீட்டுக்கொண்டு, மேரி லிங்கனின் ஆடை வடிவமைப்பாளராகவும் தோழியாகவும் ஆனவர் அவர். ஒரே மகனை 1861இல் போர்க்களத்தில் பறிகொடுத்தவர். கொலைக்கு மறுநாள் காலை, மேரியைத் தேற்ற அழைக்கப்பட்டவரும் அவரே. இவ்வளவு கதையுள்ள ஒருவருக்கு இந்தத் தொகுப்பு ஒதுக்கியிருப்பது சொற்களற்ற ஒரு நிமிட முனகல். பாடியிருப்பவரின் குரல் மிக ஆழமானது என்பதால் கோபம் கூடத்தான் செய்கிறது.

மூன்றாம் பக்கத்தில், பூத்தின் கூட்டாளியான லூயிஸ் பவல் அதே இரவில் வெளியுறவுச் செயலர் சூவர்டின் வீட்டில் புகுந்து கத்தியால் தாக்கியதைச் சொல்லும் பாட்டு வெறும் இரைச்சல். துணைத் தலைவர் ஜான்சனைக் கொல்ல அனுப்பப்பட்டுத் துணிவு வராமல் குடித்துத் திரிந்த அட்ஸெராட்டின் பாட்டு முதல்முறை சிரிப்பூட்டும், அவ்வளவே. ஆனால் பத்தாம் பாடலில் தொகுப்பு மீண்டும் நிமிர்கிறது. சதிகாரர்கள் கூடிய தங்கும் விடுதியை நடத்திய மேரி சராட்டை விசாரித்த இராணுவ ஆணையத்தில் ஒன்பது உறுப்பினர்கள். இங்கே ஒன்பது கலைஞர்களும் சேர்ந்து பாடுவது இந்த ஒரு பாட்டில் மட்டுமே. தீர்ப்பை ஒரே சுரத்தில் சொல்லிவிட்டு, ஐந்து குரல்கள் மெல்ல வேறொரு சுரத்துக்கு இறங்குகின்றன. தண்டனையைக் குறைக்குமாறு பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவர்கள் ஐவர் என்பதை அறிந்தவருக்கு மயிர்க்கூச்செறியும். அறியாதவருக்கும் ஏதோ பிளவுபடுவது கேட்கும். அந்தப் பரிந்துரை தம் கண்ணில் படவேயில்லை என்று, லிங்கனுக்குப் பின் குடியரசுத் தலைவரான ஜான்சன் பின்னாளில் மறுத்தார். 1865 ஜூலை 7ஆம் நாள் வேறு மூவரோடு மேரி சராட் தூக்கிலிடப்பட்டார். அமெரிக்க நடுவண் அரசு மரண தண்டனை நிறைவேற்றிய முதல் பெண் அவர்தான். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்ற வழக்கைப் பாட்டு தீர்க்க முயலவில்லை. நான்கு குரல்களும் ஐந்து குரல்களும் சேராமலேயே முடிகின்றன.

கடைசிப் பாடல் இறுதி ஊர்வல இரயிலைப் பற்றியது. ஏப்ரல் 21 முதல் மே 3 வரை, ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் கடந்து, லிங்கன் வாழ்ந்த ஊரான ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்த அந்த வண்டியில், 1862இல் இறந்த மகன் வில்லியின் பேழையும் தந்தையின் பேழையோடு சென்றது. பன்னிரண்டு நிமிடங்களில் பாதியை வெட்டியிருக்கலாம். ஊர்ப்பெயர்களை வரிசையாக ஒப்பிப்பது பாட்டாகிவிடாது. ஆனால் இரயில் தாளத்துக்கு நடுவே வில்லிக்காக வரும் ஒற்றை விரல் பியானோ மெட்டை மறக்க முடியவில்லை.

பொருளாகப் பார்த்தால் தட்டுகள் கனமானவை, உறை உறுதியானது. உள்ளே வரும் சிறுநூலில் பாடல்வரிகளைக் கரும்பழுப்புத் தாளில் கறுப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. என் பிரதியின் நான்காம் பக்கத்தில் தொடக்கம் முதலே சொரசொரப்பு இருந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு அது பழைய காலத்து ஒலியைக் கொண்டுவருவதற்காகச் சேர்த்தது என்றார். மற்ற மூன்று பக்கங்களில் அந்தப் பழைய காலம் ஏன் இல்லை என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

இந்தக் குறைகளோடும் வாங்கலாம் என்பதே என் கருத்து, ஆனால் தட்டாகவே வாங்க வேண்டும். ஐந்தாம் பாடலை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். லிங்கன் அமர்ந்திருந்த மாடம் பார்வையாளர்களுக்கு வலப்புறம் இருந்தது. அந்தத் தட்டலும் வலது காதில்தான், மூன்றாவது சிரிப்பலை தணியத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது.