எட்ஜ்பாஸ்டன் 2023: எல்லையில் காவலா, மட்டைக்கு முன்னால் முற்றுகையா?

நேரெதிரான இரண்டு கள வியூகங்களை ஒரே ஆடுகளத்தில் எடைபோடும் வாய்ப்பு இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய 2023 ஆஷஸ் கிரிக்கெட் தொடரின் முதல் டெஸ்டில் கிடைத்தது. பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் ஆடுகளம் மந்தமாக இருந்ததால், விக்கெட் கீப்பருக்குப் பக்கத்திலுள்ள ஸ்லிப்பில் வரிசையாக ஆட்களை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் வழக்கமான முறையில் இரு தலைவர்களுக்கும் பெரிய நம்பிக்கை இல்லை.

ஆஸ்திரேலியத் தலைவர் பாட் கம்மின்ஸ் முதல் நாளிலேயே டீப் பாயிண்ட் போன்ற எல்லைக்கோட்டு இடங்களில் ஆட்களை நிறுத்தினார். பவுண்டரிகளைக் குறைத்தால் இங்கிலாந்து மட்டையாளர்கள் பொறுமையிழப்பார்கள் என்பது கணக்கு. ஆனால் எளிதாகக் கிடைத்த ஒற்றை ஓட்டங்களால் மட்டையாளர்கள் முனை மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரையே குறிவைத்துத் தொடர்ந்து ஆறு பந்துகள் வீசும் வசதி வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வாய்க்கவில்லை. ஜோ ரூட் ஆட்டமிழக்காமல் 118 ஓட்டங்கள் எடுக்க, இங்கிலாந்து 78 ஓவர்களில் 8 விக்கெட்டுக்கு 393 என்ற நிலையில் தன் இன்னிங்ஸைத் தானே முடித்து டிக்ளேர் செய்தது. ஓவருக்கு ஐந்து ஓட்டங்கள் போவதைத் தடுப்பாட்டம் என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் நேதன் லயனுக்கு அதே வியூகம் கைகொடுத்தது. 149 ஓட்டங்களை வாரி வழங்கினாலும் அவர் 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றில் ஜானி பேர்ஸ்டோவும் மொயீன் அலியும் கிரீஸை விட்டு இறங்கி வந்து விக்கெட் கீப்பர் அலெக்ஸ் கேரியிடம் ஸ்டம்பிங் ஆனவர்கள். எல்லையில் ஆள் இருக்கும் துணிவில் சுழற்பந்து வீச்சாளர் பந்தைத் தூக்கி வீசலாம். வேகப்பந்து வீச்சாளருக்கு அந்தத் துணையால் அவ்வளவு பயனில்லை.

இங்கிலாந்துத் தலைவர் பென் ஸ்டோக்ஸ் செய்தது வேறு. மூன்றாம் நாள் காலையில், சதம் கடந்து அசையாமல் நின்ற ஆஸ்திரேலிய மட்டையாளர் உஸ்மான் கவாஜாவுக்கு எதிராக, ஆஃப் பக்கம் மூவர், லெக் பக்கம் மூவர் என ஆறு பேரை மட்டைக்கு முன்னால் வளைவாக நிறுத்தினார். பந்து வீச்சாளரையும் விக்கெட் கீப்பரையும் கழித்தால் மைதானத்தின் மற்றப் பகுதிகளுக்கு எஞ்சியவர்கள் மூவரே. கட் செய்யவும் பின்னால் திருப்பவும் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் கவாஜாவின் கண்ணெதிரே நின்றது அந்த வளைவு. அவர் 141 ஓட்டங்களில் இறங்கி வந்து அடிக்க முயன்றபோது வேகப்பந்து வீச்சாளர் ஆலி ராபின்சனின் முழு நீளப் பந்து ஸ்டம்பைத் தகர்த்தது. அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் கேட்ச் போகவில்லை என்பதுதான் இதில் சுவையான செய்தி.

281 ஓட்டங்களைத் துரத்திய ஆஸ்திரேலியா 2 விக்கெட் வித்தியாசத்தில் வென்றதைக் காட்டி, கம்மின்ஸின் வழியே சரி என்பவர்கள் உண்டு. அந்த வெற்றியைத் தேடித்தந்தது கம்மின்ஸும் லயனும் ஒன்பதாவது விக்கெட்டுக்குப் பிரியாமல் சேர்த்த 55 ஓட்டங்கள். முதல் நாள் வியூகத்துக்கு அதில் பங்கில்லை. மந்தமான ஆடுகளத்தில் ஊன்றி நிற்கும் மட்டையாளருக்கு வேகப்பந்து வீசும்போது நான் ஸ்டோக்ஸின் வளைவையே தேர்வேன்; பந்து லயனைப் போன்றவர் கைக்கு மாறிய உடனே எல்லைக்கோட்டருகே உள்ள லாங் ஆனுக்கு ஓர் ஆளை அனுப்பிவிடுவேன்.