காலை நடைக்கு ட்ரெயில் ஷூ: மண்பாதையில் கெட்டிப்பிடி, சிமெண்டில் தேய்மானம்

உதிர்மண்ணும் சரளையும் கிடக்கும் மலை இறக்கத்தில்தான் சாதாரண ஷூ வழுக்கும். அங்கே அடிப்பாகத்தில் 4 முதல் 5 மி.மீ. ஆழப் பற்கள் கொண்ட ட்ரெயில் ஷூ, அதாவது மண்பாதைக்கும் மலைப்பாதைக்குமான ஷூ, அருமையாகப் பிடிக்கிறது. பூங்காவின் சிமெண்ட் நடைபாதைக்கு மட்டும் என்றால் வேண்டாம். பற்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஈரப்பாறையில் எதையும் நம்பாதீர்கள்.

அளவுதான் முக்கியம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, நடைக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் இடித்து இடித்து நகம் கறுக்கும். கணுக்காலருகே இருக்கும் கூடுதல் துளையில் லேஸை வளையமாக்கி, எதிர்முனையை அதற்குள் கோத்து இழுத்தால் குதிகால் நழுவாது.

பனி படிந்த புல்லுக்கு நீர்புகா வகை சரி. வியர்க்கும் காலுக்கு வலைத்துணியே மேல். நனைந்தால் செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் பசை விட்டுவிடும்.