நீலா, ஹேவ்லாக்கா: அந்தமானில் எந்தத் தீவில் தங்குவது?

அந்தமானுக்கு விமான டிக்கெட் எடுக்கும்வரை யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டேகால் மணி நேரம், அவ்வளவுதான். அங்கிருந்து கப்பலேறி எந்தத் தீவில் போய் மூட்டையை இறக்குவது என்பதில்தான் வீட்டுக்குள் பேச்சு நீளும். நாங்கள் இரண்டு தீவிலும் தங்கியிருக்கிறோம். மூன்று வருடம் முன்பு ஹேவ்லாக்கில் மூன்று இரவு, இந்தப் பிப்ரவரியில் நீலில் நான்கு இரவு. இரண்டு முறையும் நாங்கள் இருவர், மகள், முழங்கால் வலியோடு அம்மா. கையில் இருக்கும் பணத்துக்குள் நிறையக் கடலில் குளிக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் நீலைத்தான் சொல்வேன்.

2018 டிசம்பரில் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும் நீலை ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயர் சொல்வார். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கட்டணம், சாப்பாடு, அறை வாடகை இவற்றை வைத்துத் தீவைத் தேர்ந்தெடுக்க முடியாது. தனியார் கப்பல்கள் போர்ட் பிளேரிலிருந்து இரண்டு தீவுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகின்றன. கட்டணத்திலும் பெரிய வித்தியாசமில்லை. அரசுக் கப்பல் மலிவு, ஆனால் மெதுவாகப் போகும், வெளியூர்க்காரர்களுக்கு இடம் கிடைப்பதும் சிரமம். இரண்டு தீவிலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் அதிகம். அதனால் சோறு, பருப்பு, மீன் குழம்பு எங்கேயும் கிடைக்கும். அறைக்கு ஹேவ்லாக்கில் ஒரு நாளுக்கு 2,400 ரூபாயும் நீலில் 2,000 ரூபாயும் கொடுத்தோம். ஏசி இல்லாத குடில், அம்மாவுக்கு ஒரு கூடுதல் படுக்கை. இந்த 400 ரூபாய்க்காக யாரும் தீவை மாற்ற மாட்டார்கள்.

முடிவைத் தீர்மானிப்பது கடல் உள்வாங்கும் விஷயம்தான். இதைப் பற்றி ஹேவ்லாக் போகும் முன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நம் ஊர்க் கடலில் ஏற்றமும் வற்றமும் இருப்பதே பலருக்குத் தெரியாது. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட நீர்மட்டம் சுமார் ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். கரையும் சரிவாக இருப்பதால் தண்ணீர் சில அடி முன்னே வரும், சில அடி பின்னே போகும். எந்த நேரம் போனாலும் கடல் அங்கேயேதான் இருக்கும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். திருச்செந்தூரில் கடல் உள்வாங்கினால் அது செய்தியாகிறது. அந்தமானில் அது தினமும் இரண்டு முறை நடக்கும். பௌர்ணமியை ஒட்டி சுமார் இரண்டு மீட்டர் இறங்கும். அதோடு பல கடற்கரைகளில் மணலை அடுத்துப் பவளப்பாறைத் திட்டு தட்டையாக நீண்டு கிடக்கிறது. அந்தத் தட்டையான இடத்தில் இரண்டு மீட்டர் நீர் இறங்கினால் கடல் இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும். மிச்சம் இருப்பது பாறை, பாசி, கணுக்கால் அளவு தண்ணீர்.

ஹேவ்லாக்கில் நாங்கள் போய் இறங்கியது ஒரு பௌர்ணமி நாள், மதியம் மூன்றரை மணி. அறையின் வாசலிலேயே கடல் என்று சொல்லித்தான் முன்பணம் வாங்கியிருந்தார்கள். வாசலில் தென்னை இருந்தது, மணல் இருந்தது, கடலைக் காணவில்லை. தூரத்தில் ஒரு நீலக்கோடு, அதுவரை கறுத்த பாறை. அம்மா முகம் வெளுத்துவிட்டது. 2004 டிசம்பரைப் பார்த்தவர்களுக்குக் கடல் உள்வாங்கினால் முதலில் தோன்றுவது என்ன என்று சொல்லவேண்டியதில்லை. இது தினமும் நடப்பதுதான் என்று விடுதிப் பையன் சொல்லிப் புரியவைக்கும்வரை அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மறுநாள் காலை தண்ணீர் நிறைந்திருந்த நேரத்தில் நாங்கள் எலிஃபன்ட் பீச்சுக்குப் போகும் படகில் இருந்தோம். திரும்பும்போது மறுபடி இறங்க ஆரம்பித்துவிட்டது.

சரி, ஹேவ்லாக்கில் எப்போதும் குளிக்க முடிகிற கடல் இல்லையா? இருக்கிறது. தீவின் மேற்கில் ராதாநகர். திட்டு இல்லாத நல்ல மணல், எந்த நேரத்திலும் இறங்கலாம். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, 2020இல் சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. நான் பார்த்த கடற்கரைகளில் அதைவிட அழகானது இல்லை. நீலில் அதற்கு இணையாக ஒன்றும் கிடையாது, இதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நம்மால் கொடுக்க முடிகிற விலையில் அறைகள் இருப்பது கிழக்குப் பக்கம், கோவிந்த் நகர், விஜய் நகர் ஓரத்தில். படகுத்துறையும் கடைத்தெருவும் அங்கேதான். ராதாநகர் அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ராதாநகரை ஒட்டிய தங்குமிடங்களில் பெரும்பாலானவை நம் கணக்குக்கு எட்டாதவை. ஆக மலிவான அறை எடுத்தவர் தினமும் வண்டி பிடித்துத் தீவைக் கடந்துபோய்க் குளிக்க வேண்டும். ஸ்கூட்டர் இருவருக்குச் சரி, அம்மாவையும் குழந்தையையும் எங்கே ஏற்றுவது? ஆட்டோதான். போய், காத்திருந்து, திரும்ப ஆயிரம் ரூபாய் கொடுத்தோம். இரண்டு முறை போனோம். காலாபத்தர் கடற்கரைக்கு ஒரு முறை 700. மூன்று நாளில் வண்டிக்கு மட்டும் 2,700 ரூபாய்.

பணத்தைவிட நேரம்தான் எனக்கு உறுத்தியது. அந்தமான் கிழக்கே வெகுதூரம் இருந்தும் கடிகாரம் நம்முடையதேதான். டிசம்பரில் ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும், பிப்ரவரியில் ஐந்தரை. மதிய வெயில் தணிந்து மூன்றரைக்குப் புறப்பட்டால், போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் நனைவதற்குள் காவலர் விசிலடித்து எல்லோரையும் கரையேற்றுகிறார். மூன்று இரவில் நாங்கள் நிம்மதியாகக் குளித்தது அந்த இரண்டு முறைதான்.

இப்போது நீல். இங்கேயும் கடல் உள்வாங்கும், அதுவும் நன்றாகவே. பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் மூன்று கடற்கரையிலும் வற்றத்தில் குளிக்க முடியாது. ராதாநகர் மாதிரி ஒரு தப்பிக்கும் வழி இங்கே இல்லை. அப்படியானால் ஏன் நீல்? தீவு சின்னது. படகுத்துறையிலிருந்து பரத்பூர் கடற்கரை நடந்துபோகும் தூரம், லக்ஷ்மண்பூர் சுமார் 2 கிலோமீட்டர், கடைசியில் இருக்கும் சீதாபூரே சுமார் 5 கிலோமீட்டர்தான். சாலை பெரும்பாலும் சமதளம், இரண்டு பக்கமும் காய்கறித் தோட்டமும் வாழையும். போர்ட் பிளேர் சந்தைக்கு இங்கிருந்தும் காய்கறி போகிறது. தண்ணீர் ஏறும்போது ஐந்து நிமிடத்தில் கடலில் இருக்கலாம், இறங்கும்போது ஐந்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பலாம். ஆட்டோக்காரருக்குப் பயந்து கடலைப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த முறை கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் நாளைக் குறித்தோம். ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நாங்கள் இருந்தது பௌர்ணமிக்கு முந்தைய நான்கு நாட்கள். முதல் காலை ஏழரை மணிக்கு நீர் நிறைந்தது, கடைசி நாள் பத்தை நெருங்கியது. தினமும் காலையில் பரத்பூரில் குளியல். ஏற்றத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர் வெகுதூரம் போகும், அலையும் அதிகமில்லை. எட்டு வயது மகளைத் தண்ணீரில் விளையாட விட்டுவிட்டு நாங்கள் கரையில் உட்கார முடிந்தது. அம்மா முழங்கால் மூழ்க ஒரு மணி நேரம் நின்றார், வலிக்கு அது இதமாக இருந்ததாம். பத்து மணிக்குமேல் ஹேவ்லாக்கிலிருந்தும் போர்ட் பிளேரிலிருந்தும் வருகிற ஒருநாள் கூட்டம் இறங்கும், தண்ணீர் ஸ்கூட்டர் சத்தமும் ஆரம்பிக்கும். அதற்குள் நாங்கள் குளித்து முடித்து இட்லி கிடைக்காத வருத்தத்தைப் பூரியில் தீர்த்துக்கொண்டிருப்போம். நான்கு இரவில் ஆறு முறை குளித்தோம்.

வற்றமும் இங்கே வீணாகாது. லக்ஷ்மண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாறை வளைவுக்கு வற்றத்தில்தான் போக முடியும். வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்கிறார்கள். வழியெல்லாம் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரி, சின்ன நண்டு, கோடுபோட்ட மீன்கள். மகள் அந்த இரண்டு மணி நேரத்தை இன்னும் பேசுகிறாள். பாறை வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள். அம்மா மேலே நிழலில் இளநீரோடு இருந்துவிட்டார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சைக்கிள், ஒன்றுக்கு நாளுக்கு 150 வீதம் நான்கு நாளைக்கு 1,200. அம்மாவுக்காக எடுத்த ஆட்டோக்கள் எல்லாம் சேர்ந்து 600. மொத்தம் 1,800, அதாவது நாளுக்கு 450. ஹேவ்லாக்கில் அதுவே 900. பெரிய தொகை இல்லைதான். நாளுக்குப் பாதிச் செலவில் இரண்டு மடங்குக்கும் மேல் குளித்தோம் என்பதுதான் எனக்குக் கணக்கு.

நீலில் எங்கே தங்குவது? வயதானவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் கடைத்தெருவுக்கும் பரத்பூருக்கும் இடையில் பாருங்கள். நாங்கள் இருந்ததும் அங்கேதான். லக்ஷ்மண்பூரில் கடலையொட்டிக் குடில்கள் உண்டு, மாலைச் சூரியன் பிரமாதம், ஆனால் தண்ணீருக்குள் பாறை அதிகம், குளிக்க எப்படியும் பரத்பூருக்கு வர வேண்டும். சீதாபூர் சூரிய உதயத்துக்கு நல்லது. அங்கே நான் தங்கிப் பார்த்ததில்லை, ஒரு விடியற்காலை சைக்கிளில் போய் வந்ததோடு சரி. இரவில் கடைத்தெருவுக்கு வந்துபோக இருட்டுச் சாலை என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

யார் ஹேவ்லாக் போகலாம்? ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். பயிற்சி நிலையங்கள் அங்கேதான் அதிகம். நான் ஸ்கூபா செய்ததில்லை, போனவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த இளம் தம்பதிகளுக்கு என் 12 கிலோமீட்டர் புகார் பொருந்தாது, அந்தக் காட்டுவழிப் பயணமே அவர்களுக்குப் பிடித்துப்போகலாம். விடுமுறையிலும் மடிக்கணினியைத் திறக்க வேண்டியவர்களுக்கும் ஹேவ்லாக்தான். 2020 ஆகஸ்டில் தொடங்கிய சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் ஹேவ்லாக்குக்குப் போகிறது, நீலுக்கு அதில் நேர் இணைப்பு இல்லை. நீலில் எங்கள் போனில் வீடியோ திணறித்தான் ஓடியது. மழைக்காலத்தில் நான் இரண்டு தீவுக்கும் போனதில்லை, மேலே சொன்னதெல்லாம் பிப்ரவரி அனுபவம்.

ராதாநகரைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை என்றால் நீலில் மூன்று இரவு, ஹேவ்லாக்கில் ஒரு இரவு வையுங்கள். இரண்டுக்கும் நடுவே கப்பலில் சுமார் ஒரு மணி நேரம்தான். எந்தத் தீவானாலும் முன்பணம் அனுப்பும் முன் விடுதிக்காரரிடம் இதைக் கேளுங்கள்: நான் வரும் தேதியில் உங்கள் வாசலில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிறையும்? நீலில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா அடுப்பு வேலையை விடாமலே நான்கு நாளுக்கும் நேரம் சொன்னார்.