50 வயதைத் தாண்டிய யமஹா எஃப்ஜி-180: பழுது பார்த்தது தகுமா?

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் பன்னிரண்டாவது கம்பியின், அதாவது ஃபிரெட்டின், மேல் ஆறாவது தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. கிட்டார் வாசிக்காதவர்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியாது. வாசிப்பவர்களுக்கோ அந்த இடத்தில் 2.4 மில்லிமீட்டர் அளவே போதும் என்பதும், 4 என்றால் ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் எஃப் கார்டை ஒரு பாட்டு முழுக்கப் பிடிப்பதற்குள் சுட்டுவிரல் கன்றிப்போகும் என்பதும் சொல்லாமலே விளங்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா 1970இல் அங்கிருந்து வாங்கி வந்த யமஹா எஃப்ஜி-180, பதினெட்டு ஆண்டுகள் பரண்மேல் கிடந்துவிட்டு என் கைக்கு வந்தபோது இந்த நிலையில்தான் இருந்தது. சரிசெய்வதா, அலங்காரப் பொருளாகச் சுவரில் மாட்டிவிடுவதா என்று ஏறக்குறைய ஓராண்டு இழுத்தடித்துவிட்டு, கடைசியில் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் பெரிய வேலைக்கே கொடுத்தேன். வேலை முடிந்து எட்டு மாதம் வாசித்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஃப்ஜி என்பது ஃபோக் கிட்டார் என்பதன் சுருக்கம். ஜப்பானின் ஹமாமட்சு நகரில் இருக்கும் நிப்பான் காக்கி நிறுவனம் (யமஹா கார்ப்பரேஷன் என்ற பெயரை அது ஏற்றது 1987இல்தான்) 1966இல் இந்த வரிசையை வெளியிட்டது. ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்தால் சிவப்பு நிறத்தில் ஒரு லேபிள் தெரியும். ஜப்பானில் செய்யப்பட்ட அந்தத் தொடக்ககால கிட்டார்களுக்குச் ‘சிவப்பு லேபிள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி தைவானுக்குப் போனதும் லேபிளின் நிறமும் மாறியது. அமெரிக்காவின் 1969 உட்ஸ்டாக் இசை விழாவில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக மேடையேறியபோது அவர் கையில் இருந்தது இதே வரிசையின் சிறிய கிட்டாரான எஃப்ஜி-150. இந்தக் கதைகளெல்லாம் சேர்ந்து சிவப்பு லேபிளுக்கு ஒரு மவுசை உண்டாக்கியிருக்கின்றன. ஆனால் மவுசை நம்பிப் பழுதுச் செலவில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் இது மாணவர்களும் வாங்கக்கூடிய விலையில் விற்ற கிட்டார். மேற்பலகைகூட முழு ஸ்புரூஸ் மரம் கிடையாது, ஸ்புரூஸ் தகடுகளை ஒட்டிய பிளைவுட். பக்கங்களும் முதுகும் மகோகனி பிளைவுட்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. முழு மரத்தால் ஆன மேற்பலகை காய்ந்தால் இழையோட்டத்தில் விரிசல் விடும். பிளைவுட் அவ்வளவு எளிதில் விடாது. மே மாத வெயிலையும் நவம்பர் மழையையும் பரண்மேல் மாறி மாறித் தாங்கிய இந்தக் கிட்டாரின் உடலில் ஒரு விரிசல்கூட இல்லாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். பழைய கிட்டார் என்றாலே மரம் முதிர்ந்து நாதம் கனிந்திருக்கும் என்று பேசுகிறவர்கள், பிளைவுட்டிலும் அந்தக் கனிவைக் கேட்பதாகச் சொன்னால் நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவது வழக்கம்.

தந்தி ஏன் உயர்ந்தது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி. சாதாரணமான 12-53 கட்டு (மிக மெல்லியது 0.012 அங்குலம், மிகத் தடித்தது 0.053) ஸ்டீல் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் கழுத்தை உடலை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அந்த இழுப்பைத் தாங்கும் உடல் மெல்ல உருமாறுகிறது: தந்திகளின் அடிமுனை பூட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை வயிறு தள்ளுகிறது, ஒலித்துளைப் பக்கம் அமுங்குகிறது, கழுத்து முன்னோக்கிச் சாய்கிறது. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருகினால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். அது கழுத்தின் வளைவைத்தான் நிமிர்த்தும், கழுத்து உடலோடு சேரும் கோணத்தை மாற்றாது. கோணம் கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, நீளமான எஃகு அளவுகோல் ஒன்று போதும். கழுத்தின் வளைவை டிரஸ் ராடால் நிமிர்த்திக்கொண்டு, அளவுகோலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்கவைத்துப் பிரிட்ஜ் வரை நீட்ட வேண்டும். நல்ல கிட்டாரில் அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை உரசியபடி நிற்கும். என் கிட்டாரில் 7 மில்லிமீட்டர் உயரமுள்ள பிரிட்ஜின் நெற்றியில், அடியிலிருந்து இரண்டரை மில்லிமீட்டரிலேயே போய் இடித்தது.

அந்த 7 மில்லிமீட்டருக்கே ஒரு கதை உண்டு. 1990களில் மாமா இதே குறைக்காக நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்திருக்கிறார். அங்கே கழுத்தைத் தொடாமல் பிரிட்ஜின் தலையை உப்புத்தாளால் சீவி, பிரிட்ஜின் மேல் தந்தியைத் தாங்கும் சேடில் என்ற சிறு பட்டையையும் தேய்த்து, தந்தியைத் தாழ்த்திக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மலிவாக முடிந்த வேலைதான். ஆனால் கழுத்தின் சாய்வு நிற்காமல் தொடர்ந்ததால் சில ஆண்டுகளில் தந்தி மறுபடி உயர்ந்தது. இந்த முறையோ சீவுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பன்னிரண்டாவது ஃபிரெட் தந்தியின் நடுவில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறக்கச் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் இறக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது 1.6 மில்லிமீட்டர், அதாவது சேடிலில் 3.2. பிரிட்ஜுக்கு மேலே சேடில் நீட்டிக்கொண்டிருந்ததோ வெறும் இரண்டரை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாலையிலேயே சின்ன வேலை எதுவும் உதவாது என்று தெரிந்துவிட்டது.

மிஞ்சிய வழிகளில் ஒன்று, 10-47 கட்டு மெல்லிய தந்தியைப் போட்டு, தந்திகளைக் குறுக்கே அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை மாட்டி, முதல் ஐந்து ஃபிரெட்டுகளுக்குள் வாசித்துக்கொண்டு காலம் தள்ளுவது. தந்தியின் மேல் குழாயை வழுக்கி ஸ்லைடு வாசிப்பவர்களுக்கு உயரமான தந்தி வசதிதான். நான் ஸ்லைடு வாசிப்பவன் இல்லை. மற்றொன்று கழுத்தைக் கழற்றுவது.

பணக் கணக்கு ஒருபோதும் கட்டுப்படியாகாது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. சென்னைக் கடைகளில் புதிய யமஹா எஃப்310 பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. இன்னும் கூடக் கொடுத்தால் முழு ஸ்புரூஸ் மேற்பலகை கொண்ட எஃப்ஜி800 வாங்கலாம். என்னுடையதைப் பார்த்துப் போன ஒருவர் ஆறாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். கழுத்து வேலைக்கும் ஃபிரெட் வேலைக்கும் சேர்த்து எனக்குச் சொல்லப்பட்ட கூலி பதினான்காயிரம். இதுவே 1969க்கு முந்தைய அமெரிக்க மார்ட்டின் டி-28 கிட்டாராக இருந்து, முதுகும் பக்கங்களும் பிரேசில் ஈட்டி மரத்தில் இருந்தால் யோசனைக்கே இடமில்லை. 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் தடை செய்யப்பட்ட மரம் அது, கழுத்து வேலையின் கூலி கிட்டாரின் விலையில் சிறு பங்காகத்தான் இருக்கும். எஃப்ஜி-180க்கு அந்த நியாயம் பொருந்தாது. இங்கே பழுதுக்கூலி பொருளின் விலையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது, வேலை முடிந்தபின் விற்றாலும் அது திரும்பி வராது.

ஆகவே நான் என்னைக் கேட்டுக்கொண்டது வேறு கேள்வி: இந்தப் பணத்தில் வாங்கக்கூடிய புதிய கிட்டாரைவிட இதை நான் அதிகம் எடுத்து வாசிப்பேனா? அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருந்தது. மெல்லிய தந்தி போட்டு, இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ மாட்டி, மூன்று மாதம் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தேன். பக்கத்திலேயே வாசிக்க எளிதான வேறொரு கிட்டாரும் இருந்தது. விரல் வலித்தபோதும் நான் எடுத்தது பழையதைத்தான். அதன் கழுத்து மெலிந்தது, என் உள்ளங்கைக்குப் பொருந்தியது. நடுத் தந்திகளில் கொஞ்சம் உலர்ந்த, சட்டென்று அடங்கிவிடும் ஒலி, பாடுகிற குரலோடு மோதாமல் ஒதுங்கி நின்றது. மாமாவின் நினைவும் இதில் கலந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நினைவுக்காக மட்டும் என்றால் சுவர் ஆணியே போதுமாயிருந்திருக்கும்.

வேலையைச் செய்தவர் வடசென்னையில் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறார். ஆண்டுக்கு நான்கைந்து கழுத்துகளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்தக் கால யமஹாக்களின் கழுத்து இணைப்பு லேசில் விடாது என்ற பேச்சு பழுது பார்ப்பவர்களிடையே பரவலாக உண்டு. அதனாலேயே இருவர் கையை விரித்திருந்தார்கள். இவரோ கிட்டாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், விட்டுக்கொடுக்கும், ஆனா வார்னிஷ்ல தழும்பு விழலாம், அதுக்கு ஒத்துக்கிட்டா எடுக்கிறேன்” என்றார். முன்கூட்டியே சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நம்பினேன்.

கழற்றும் நாளில் கூட இருந்து பார்த்தேன். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இருப்பது டவ்டெயில் என்று சொல்லப்படும், புறா வாலைப் போல விரிந்த மர இணைப்பு. அதன் உட்குழியை எட்டுவதற்குப் பதினைந்தாவது ஃபிரெட்டின் கம்பியைப் பிடுங்கி, அந்தக் காடியில் நூலளவு துளை ஒன்று போட்டார். பிரஷர் குக்கரின் ஆவிக்குழாயில் ரப்பர் குழாயைச் செருகி, அதன் முனையில் கால்பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை மாட்டி, துளைக்குள் ஆவியை விட்டார். இடையிடையே உடலின் மேல் படிந்திருக்கும் விரற்பலகைப் பகுதியை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, மெல்லிய தகட்டைச் செருகிப் பிரித்தார். ஒன்றரை மணி நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு ஈரமான மரத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. பழைய பசை பழுப்பு நீராக ஒழுக, கழுத்து தனியாக அவர் கைக்கு வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு எடுக்க வேண்டிய மரம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். அளவுகோலின் முனை பிரிட்ஜில் நான்கரை மில்லிமீட்டர் மேலேற வேண்டும். கழுத்து சேரும் இடத்திலிருந்து சேடில் வரை சுமார் 285 மில்லிமீட்டர், கழுத்தின் குதிகால், அதாவது உடலோடு ஒட்டும் அடிப்பாகம், உயரம் சுமார் 95. கணக்குப்படி குதிகாலின் அடிநுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்து, மேலே வரவரப் பூஜ்யமாக்க வேண்டும். ஒரு வாரம் மரத்தைக் காயவிட்டு, உளியால் செதுக்கி, கடைசி உரசலுக்கு உப்புத்தாள் கீற்றுகளைக் குதிகாலுக்கும் உடலுக்கும் நடுவே வைத்து இழுத்து இழுத்துப் படியவைத்தார். தளர்ந்த டவ்டெயிலின் கன்னங்களில் மகோகனிச் சீவல்களை ஒட்டி இறுக்கினார். மறுபடி ஒட்டியது தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் விலங்குப் பசையால். பின்னொரு நாள் யாராவது கழற்ற வேண்டியிருந்தால் சூட்டுக்கு இளகிக் கொடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். பதினைந்தாவது ஃபிரெட்டின் கீழிருக்கும் துளையையும் அதற்காகவே அடைக்காமல் விட்டிருக்கிறார்.

மூன்று வாரம் என்று சொன்ன வேலைக்கு ஏழு வாரம் ஆனது. தொலைபேசியில் பிடிப்பதும் சிரமம். கூலி சொன்னபடியே பதினான்காயிரம். எலும்பில் செய்த சேடிலுக்கு மட்டும் தனியாக எண்ணூறு. சொன்னதுபோலவே குதிகாலின் ஓரத்தில் வார்னிஷ் வெளுத்து ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு விழுந்திருக்கிறது, பளிச்சென்ற வெளிச்சத்தில் கண்ணுக்குப் படும். முன்னொரு காலத்தில் சீவப்பட்ட பிரிட்ஜை மாற்ற வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

இப்போது ஆறாவது தந்தி 2.4 மில்லிமீட்டரில் நிற்கிறது. எஃப் போன்ற பார் கார்டுகள் ஏழாவது ஃபிரெட் வரை தயங்காமல் விழுகின்றன. சேடில் பிரிட்ஜுக்கு மேலே மூன்றரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதால் தந்தி சேடிலை அழுத்தும் கோணம் கூடி, ஒலி முன்பைவிட உரக்க வருகிறது. ஆனால் தாழ்ந்த சுரங்களில் ஆழம் வந்துவிடவில்லை. அந்த விஷயத்தில் முழு மரப் பலகை கொண்ட புதிய எஃப்ஜி800 இதை எளிதாக மிஞ்சும் என்றே என் காது சொல்கிறது. பன்னிரண்டுக்கு மேலே இரண்டாவது தந்தியில் ஓரிடத்தில் சிறு இரைச்சல் உண்டு. நான் அங்கே அதிகம் போவதில்லை.

பழைய சந்தையில் இதே கிட்டாரைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், கையோடு அளவுகோல் கொண்டுபோகவும். முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை உரசினால், சேடிலும் மூன்று மில்லிமீட்டராவது வெளியே தெரிந்தால், ஃபிரெட் தேய்மானத்தையும் தந்தியை முறுக்கும் கீகளின் துருவையும் பொருட்படுத்தாமல் வாங்கலாம். முனை பிரிட்ஜின் நெற்றியில் இடித்தால், விற்பவர் என்ன கதை சொன்னாலும் பதினைந்தாயிரம் ரூபாய் வேலை காத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு விலை பேசவும், அல்லது வைத்துவிட்டு வந்துவிடவும். முதல் கிட்டார் வாங்கும் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். வீட்டிலேயே ஒன்று கிடந்து, அதன் கழுத்து கைக்குப் பிடித்திருந்தால், மெல்லிய தந்தி போட்டு மூன்று மாதம் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

நான் இப்போது 11-52 கட்டு தந்திதான் போடுகிறேன். வாசிக்காத நாட்களில் எல்லாத் தந்தியையும் ஒரு சுரம் இறக்கி வைக்கிறேன். போன வாரம் அளந்தபோது 2.4 அப்படியே இருந்தது. மூன்றாவது தந்தியின் கீ மட்டும் வழுக்குகிறது. அதே அளவிலான பழைய கீ ஒன்று கிடைக்குமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டு இரண்டு வாரமாகிறது, இன்னும் போனை எடுக்கவில்லை.